முதல் கிளப் கார்ட் பந்தயம்: தடத்தில் இறங்கும் முன்

மாலில் வாடகை கோ-கார்ட்டை ஓட்டி நண்பர்கள் எல்லோரையும் முந்தியவர், கொஞ்ச நாளில் ரோட்டாக்ஸ் இன்ஜின் வைத்த ஒரு பழைய பந்தய கார்ட்டை வாங்கிக்கொண்டு, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு வந்துவிடுகிறார். ஆர்வம் நல்லது. ஆனால் அந்த வண்டி வேறு, இந்த வண்டி வேறு. வாடகை கார்ட்டில் பெரும்பாலும் 9 குதிரைத்திறனைத் தாண்டாத ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் இருக்கும். நாலு பக்கமும் தடிமனான பம்பர் சுற்றியிருக்கும். ரோட்டாக்ஸ் சீனியர் மேக்ஸ் 125 சிசி டூ-ஸ்ட்ரோக், சுமார் 30 குதிரைத்திறன். பின் ஆக்ஸில் (பின் சக்கரங்களை இணைக்கும் தண்டு), செயின், அதன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் எல்லாம் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வெட்டவெளியில் சுழல்கின்றன. சீட் பெல்ட் கிடையாது. தலைக்கு மேல் பாதுகாப்புக் கூண்டு இல்லாததால், வண்டி கவிழ்ந்தால் அதோடு கட்டுண்டு கிடப்பதைவிட வெளியே விழுவதே மேல் என்பதுதான் காரணம்.

எனவே முதலில் முடி. 2018-இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும், 2020-இல் ஹைதராபாத் அருகிலும் வாடகை கார்ட்டில் போன இளம்பெண்கள் முடி சிக்கி இறந்தார்கள். இரண்டுமே தடுத்திருக்கக்கூடிய மரணங்கள். முடியை இறுக்கிப் பின்னி, பாலக்கிளாவாவுக்குள் (ஹெல்மெட்டுக்கு அடியில் தலையையும் கழுத்தையும் மூடும் துணி உறை) திணித்து, நுனியை பந்தய சூட்டின் காலருக்குள் விட வேண்டும். வெறும் ஹெல்மெட் போதாது. குதிரைவால் கீழே நழுவி வெளியே வரும். துப்பட்டா, ஸ்கார்ஃப், ஹூடியின் கயிறு, கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது. இது ஓட்டுபவருக்கு மட்டுமில்லை. ஸ்டாண்டில் வைத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின் சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றும். அப்போது குனிந்து பார்க்கும் அம்மாவின் துப்பட்டாவும் அதே ஆக்ஸிலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது துணியால் செயினைத் துடைப்பது விரலை இழக்கும் வேலை. இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டித் துடையுங்கள்.

அடுத்தது சீட். புதியவர்கள் டயருக்கும் கார்புரேட்டர் ஜெட்டுக்கும் செலவழிக்கும் கவனத்தில் பாதியைக்கூட இதற்குக் கொடுப்பதில்லை. பழைய வண்டியோடு வந்த சீட், முந்தைய உரிமையாளரின் இடுப்புக்கு அளவெடுத்தது. உங்களுக்கு அது தளர்வாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு பக்கவாட்டில் நகர்ந்து சீட்டின் விளிம்பில் இடிக்கும். மதியத்துக்குள் விலா வலிக்கத் தொடங்கிவிடும். கார்ட்டில் சஸ்பென்ஷனே கிடையாது, சட்டகம் வளைந்து கொடுப்பது மட்டுமே, அதனால் ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக உடம்புக்கு வரும். சூட்டும் விலாக் கவசமும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். இடுப்பு அசையக் கூடாது, மூச்சை முழுதாக இழுக்க முடிய வேண்டும். கொஞ்சம் தளர்வென்றால் சீட்டுக்குள் ஃபோம் ஒட்டலாம்; அதிகத் தளர்வென்றால் சீட்டையே மாற்றுங்கள். பிரேக் பெடலை முழுதாக அழுத்தியபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது கை தொடையில் இடிக்கக் கூடாது. விலாக் கவசத்தில் எஃப்.ஐ.ஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) 8870-2018 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஹெல்மெட் விஷயத்தில் பைக்குக்கு வாங்கிய ஐ.எஸ்.ஐ ஹெல்மெட்டை நம்பி வராதீர்கள். ஸ்நெல் கே என்ற கார்ட்டிங் ஹெல்மெட் தரமோ எஃப்.ஐ.ஏ முத்திரையோ கேட்பார்கள். சிறுவர்களுக்கான சி.எம்.ஆர் தர ஹெல்மெட் எடை குறைவு, கழுத்துக்கு அதுவே நல்லது.

ஸ்க்ரூட்டினியில், அதாவது பந்தயத்துக்கு முன் அதிகாரிகள் செய்யும் பரிசோதனையில், வண்டி திரும்பி வருவது பெரும்பாலும் சின்னச் சின்னப் பொருள்களால். பிரேக் கம்பியை இணைக்கும் ஊசியில் கிளிப் இல்லை, ஸ்டீரிங் போல்ட்டில் நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இல்லை, பழைய நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) மறுபடி மறுபடி முடுக்கியதில் பிடிமானம் போய்விட்டது, இப்படி. நைலாக் நட்டை ஒருமுறை கழற்றினால் புதிது போடுங்கள். விலை சில ரூபாய். குறைந்தபட்ச எடையை எட்டுவதற்காக வைக்கும் ஈயக் கட்டிகளை டேப்பால் சுற்றக் கூடாது. அகல வாஷரோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும், ஏனென்றால் மோதலில் அது பறந்து பின்னால் வருபவரின் ஹெல்மெட்டைத் தாக்கும். முதல்நாள் இரவே எல்லா நட்டையும் முடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், பிராக்டிஸ் முடிந்து வந்ததும் எது நகர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும்.

ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தனியாகச் சோதியுங்கள். பெடலை அழுத்தி விட்டால் டக்கென்று முழுதாகத் திரும்ப வேண்டும். ஸ்டீரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிவைத்தும் அதே சோதனையைச் செய்யுங்கள். நூலிழை ஒன்று பிரிந்திருந்தாலும் அந்தக் கேபிள் குப்பைக்கு. ஓடும்போது த்ராட்டில் சிக்கினால் என்ன செய்வது? இன்ஜின் ஸ்விட்சை அணைத்து, பிரேக்கை மிதிக்க வேண்டும். பிட்டில் (தடத்தோரம் வண்டிகளைக் கவனிக்கும் இடம்) வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையுறையோடு அந்த ஸ்விட்சைத் தேடிப் பழகுங்கள். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெட்ரோலில் ஆயில் கலப்பது 50-க்கு 1: 5 லிட்டருக்கு 100 மில்லி. அளவு ஜாடியில் ஊற்றுங்கள், கண் மதிப்பு வேண்டாம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு உயவு அந்தப் பெட்ரோலோடுதான் வருகிறது. ஆயில் கலக்காத கேனைத் தவறி ஊற்றினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும். கலந்த கேனில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைப்பதை நம் ஊர் பேடாக்குகளில் (அணிகள் வண்டியோடு தங்கித் தயாராகும் இடம்) இன்னும் பார்க்கிறோம். வெயிலில் தாகத்தோடு வரும் ஒரு குழந்தை அதை எடுத்துக் குடிக்க ஒரு நொடி போதும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

டயர் காற்றை எப்போதும் நிழலில், ஒரே கேஜில் பாருங்கள். சென்னை வெயிலில் ஒரு பக்கம் காய்ந்த வண்டியில் இடது டயரும் வலது டயரும் வேறுவேறு அளவு காட்டும்.

பந்தயத்துக்கு முன் அதிகாரிகள் நடத்தும் ஓட்டுநர் கூட்டத்தைத் தவறவிட்டால் ஓட முடியாமல் போகலாம். கொடிகளை அங்கே சொல்வார்கள், ஆனால் மனப்பாடமாகத் தெரிந்துகொண்டு போங்கள். மஞ்சள் அசைந்தால் வேகம் குறையுங்கள், முந்தக் கூடாது. நீலம் என்றால் ஒரு சுற்று முன்னால் ஓடுபவர் பின்னால் வருகிறார். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, பதறிப்போய் சட்டென்று விலகுவது அல்லது வளைவின் நடுவில் பிரேக் போடுவது. உங்கள் பாதையிலேயே நேராகப் போங்கள். கடந்து போவது அவர் வேலை. கறுப்பில் ஆரஞ்சு வட்டமும் உங்கள் எண்ணும் தெரிந்தால் வண்டியில் ஏதோ தொங்குகிறது, பிட்டுக்கு வாருங்கள்.

ஃபார்மேஷன் லேப்பில், அதாவது பந்தயம் தொடங்கும் முன் எல்லோரும் வரிசையாகப் போகும் சுற்றில், முன்னால் உள்ளவரோடு ஒட்டிப் போங்கள். இடைவெளி விட்டுப் பின்தங்கி, பிறகு ஓடிப் பிடிப்பவர்தான் முதல் வளைவில் மற்றவர் மேல் ஏறுகிறார். பொதுவாக கார்ட்டில் பிரேக் பின் ஆக்ஸிலுக்கு மட்டும், பின் சக்கரங்கள் இரண்டும் வேறுவேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலும் இல்லை. டயர் குளிர்ந்திருக்கும் முதல் சுற்றில் வழக்கமான இடத்தில் வழக்கமான அழுத்தத்தில் மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். முதல் இரண்டு சுற்றும் சீக்கிரமே, நேர்க்கோட்டில், மெதுவாக பிரேக் போடுங்கள். இடது காலையும் வலது காலையும் ஒரே நேரத்தில் மிதிக்காதீர்கள், பிரேக் கொதித்துவிடும்.

சுழன்றுவிட்டால் பிரேக்கை விடாதீர்கள், அப்போதுதான் வண்டி பின்னோக்கி உருண்டு யார் குறுக்கிலும் போகாது. ஒரு கையை உயர்த்துங்கள். எல்லோரும் கடக்கும் வரை வண்டியிலிருந்து இறங்காதீர்கள்; தடத்தோரம் நிற்கும் அதிகாரியான மார்ஷல் கை காட்டியபின் எழுந்தால் போதும். நின்று யாரிடமும் சண்டை போடாதீர்கள், அதற்கு அதிகாரிகள் இருக்கிறார்கள்.

பந்தயம் முடிந்ததும் நேராக எடை மேடைக்கு. வழியில் நிறுத்தவோ, தண்ணீர் வாங்கிக் குடிக்கவோ, மெக்கானிக் வண்டியைத் தொடவோ கூடாது. மோதலில் உள்ளே தள்ளப்பட்ட முன் பம்பரை நீங்களே சரிசெய்ய நினைக்காதீர்கள். பம்பர் நழுவியிருந்தால் வழக்கமாக 5 விநாடித் தண்டனை, அதை மறைக்க முயன்றால் அதைவிட மோசம். வியர்வையும் பெட்ரோலும் குறைந்தபின் ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து உள்ள எடைதான் கணக்கு. முதல் நாளுக்கு விதி சொல்லும் குறைந்தபட்ச எடையைவிட 2 கிலோ கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தில் இழப்பது சொற்பம். 200 கிராமுக்காக தகுதி நீக்கம் ஆனால் உழைத்ததெல்லாம் போச்சு.

செஷன்களுக்கு நடுவே சூட்டை இடுப்புவரை இறக்கிவிட்டு நிழலில் உட்காருங்கள். ஓஆர்எஸ் கரைசலைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். தலைசுற்றல், குமட்டல், வியர்வை திடீரென நிற்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அந்த ஓட்டுநர் மறுபடி ஏறக் கூடாது. அப்பா எவ்வளவு செலவழித்திருந்தாலும் சரி. உடனே மருத்துவக் குழுவிடம் போங்கள்.

மறுநாள் காலையில் முன்கையும் தோளும் வலிப்பது இயல்பு, இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூச்சை இழுக்கும்போதோ தும்மும்போதோ விலாவில் ஒரே இடத்தில் குத்தினால் அது வேறு. எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். சிறு விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், எனவே படம் சுத்தமாக வந்தாலும் வலி அடங்கும் வரை ஓட்டாதீர்கள். சீட்டை மாற்றாமல் அடுத்த பிராக்டிஸுக்குப் பணம் கட்டாதீர்கள்.