பேக்பெஞ்சர்னா கடைசி பெஞ்சா? ஒரு வேல்ஸ் எம்.பி.ய வச்சு ஒரு சொல் விளக்கம்

பிரிட்டன் அரசியல் பத்தின கட்டுரை ஒண்ண தமிழ்ல கொண்டுவந்துட்டு இருந்த நண்பர், பேக்பெஞ்சர்ங்கிற வார்த்தைக்கு 'பின்னிருக்கை எம்.பி.'னு போட்டு எனக்கு அனுப்பியிருந்தார். படிச்சதும் யாரோ ஒருத்தர் பைக்ல பின்னாடி உக்காந்து போற மாதிரிதான் எனக்கு கண்ணு முன்னாடி வந்துச்சு. அவரச் சொல்லியும் குத்தமில்ல, நமக்கு பேக்பெஞ்சர்னாலே பாடம் நடக்கும்போது டிபன் பாக்ஸ தொறக்குற கடைசி பெஞ்சு பசங்கதான், அந்த அர்த்தம் அவ்ளோ ஊறிப்போச்சு. வெஸ்ட்மின்ஸ்டர்ல, அதாவது பிரிட்டன் பாராளுமன்றத்துல, விஷயம் வேற.

அங்க பேக்பெஞ்சர்னா எம்.பி.யா இருப்பார், ஆனா மந்திரி கிடையாது, எதிர்க்கட்சியா இருந்தா நிழல் அமைச்சரும் (மந்திரிக்கு எதிரா அதே துறையப் பாக்க எதிர்க்கட்சி நியமிக்கிற ஆளு) கிடையாது. அவ்ளோதான் அர்த்தம். ஆளுங்கட்சிலயும் இருப்பாங்க எதிர்க்கட்சிலயும் இருப்பாங்க, சோம்பேறியா இருக்கணும்னு இல்ல, புதுசா வந்தவரா இருக்கணும்னும் இல்ல.

பேரு எங்கருந்து வந்துச்சுன்னா, பெஞ்சுல இருந்துதான். பெஞ்சு, பேங்க் ரெண்டும் ஒரே பழைய ஜெர்மானிய வேர்ல இருந்து வந்த வார்த்தைங்க, பெஞ்சு நமக்கும் வந்து தமிழாவே ஆயிடுச்சு, இப்ப யாரும் அத இங்கிலீஷ்னு நெனைக்கிறதில்ல. பிரிட்டன் மக்களவை 1834 தீ விபத்து வரைக்கும் செயின்ட் ஸ்டீபன் சேப்பல்ல கூடிட்டு இருந்துச்சு, கோயில் பாடகர் குழு எதிரும் புதிருமா உக்கார்ற மாதிரி ரெண்டு பக்கமும் பெஞ்சு, அதே அமைப்புதான் இன்னிக்கும். சபாநாயகருக்கு வலது பக்கம் ஆளுங்கட்சி, இடது பக்கம் எதிர்க்கட்சி, ரெண்டு பக்கமும் முதல் வரிசைல மந்திரிகளும் நிழல் மந்திரிகளும், மத்தவங்கல்லாம் பின்னாடி. அந்தப் 'பின்னாடி'தான் பேக்பெஞ்ச்.

ஒரு வேடிக்கை என்னன்னா மொத்தம் 650 எம்.பி., உக்கார இடம் 427 பேருக்குத்தான். 1941-ல ஜெர்மன்காரன் குண்டு போட்டு அந்த அவை தரைமட்டமாச்சு, திரும்பக் கட்டும்போதும் பெருசாக்க வேணாம்னு சர்ச்சில் பிடிவாதமா சொல்லிட்டார். அதனால இடம் பிடிக்கிறது ஒரு தனிக் கலை. காலைல வந்து ஒரு சின்ன அட்டைல பேர எழுதி பெஞ்சு முதுகுல சொருகி வைக்கணும், அப்புறம் அவை தொடங்குறதுக்கு முன்னாடி பிரார்த்தனைக்கும் ஆஜராகணும், அப்பத்தான் அன்னிக்கு அந்த சீட்டு உங்களுது. பிரார்த்தனை நடக்கும்போது எல்லாரும் திரும்பி செவுத்தப் பாத்து நிப்பாங்க. பெஞ்சு முதுகுலயே சின்ன ஸ்பீக்கர் பதிச்சிருக்கும், டிவில பாத்தா யாரோ சாஞ்சு தூங்குற மாதிரி தெரியும், நெறைய நேரம் அவரு காத ஸ்பீக்கர்ல வச்சு கேட்டுட்டு இருப்பார் (தூங்குறவங்களும் இருக்காங்க, அது வேற கதை).

இப்ப அந்த வார்த்தைக்கு முழு அர்த்தம் கொடுத்த ஒரு ஆளப் பத்தி சொல்றேன். லியோ ஏப்ஸ். 1917-ல கார்டிஃப்ல ஒரு யூதக் குடும்பத்துல பொறந்தவர், தம்பி டேனி ஏப்ஸ் கவிஞராவும் டாக்டராவும் பேர் வாங்குனவர். இவரு சொலிசிட்டர். ரெண்டாம் உலகப்போர்ல விமானப்படைல இருந்தப்ப, 1944-ல கெய்ரோவுல படைவீரர்கள் நடத்துன மாதிரிப் பாராளுமன்றத்துல மும்முரமா எறங்குனதுக்கு கைதானவர். 1958 இடைத்தேர்தல்ல லேபர் கட்சி சார்பா பாண்டிபூல் தொகுதில ஜெயிச்சார். தெற்கு வேல்ஸ், இரும்பு, நிலக்கரி, ஞாயித்துக்கிழமையானா சேப்பல், அப்படிப்பட்ட ஊரு. 1983-ல தொகுதி டோர்வைன்னு மாறுச்சு, 1987-ல ஓய்வு. கிட்டத்தட்ட 29 வருஷம், மேக்மில்லன்ல இருந்து தாட்சர் வரைக்கும் 6 பிரதமர்களப் பாத்துட்டார், ஒரு நாள்கூட மந்திரியா இருந்ததில்ல. ஆனா பட்ஜெட் அன்னிக்கு அவர் போட்டுட்டு வர்ற பகட்டான டிரெஸ்ஸ பாக்க நிருபர்கள் காத்திருப்பாங்களாம். நிதி மந்திரி ஒரு பக்கம், இவரு ஒரு பக்கம்.

அவரு செஞ்ச பெரிய காரியம் 1967 சட்டம். அதுவரைக்கும் இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் ரெண்டு ஆம்பளைங்க விரும்பி சேந்து இருந்தாலே ஜெயில். 1957-ல அரசாங்கம் போட்ட வுல்ஃபெண்டன் கமிட்டி இது குற்றமா இருக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, அரசாங்கம் அறிக்கைய வாங்கி வச்சுகிட்டு சும்மா இருந்துச்சு, ஏன்னா ஓட்டுப் போயிடும்னு பயம். ஏப்ஸ் 1962-ல ஒரு சின்ன மசோதா கொண்டுவந்து பாத்தார், எதிர்த்தவங்க பேசிப் பேசியே நேரத்தக் கடத்தி அத முடிச்சுட்டாங்க. அங்க இது ஒரு வழக்கமான தந்திரம், தனி உறுப்பினர் மசோதாவுக்கு (மந்திரி இல்லாத உறுப்பினர் கொண்டுவர்ற மசோதா) வெள்ளிக்கிழமைல கொஞ்சம் நேரம்தான், அது முடிஞ்சா மசோதாவும் முடிஞ்ச மாதிரி. 1966 ஜூலைல திரும்ப வந்தார், பத்து நிமிஷ விதின்னு ஒண்ணு இருக்கு, ஒரு உறுப்பினர் பத்து நிமிஷம் பேசி மசோதாவ அறிமுகப்படுத்த அனுமதி கேக்கலாம். கேட்டார், கெடச்சுது. உள்துறை மந்திரி ராய் ஜென்கின்ஸ் அவையில நேரம் ஒதுக்கிக் கொடுத்தார், மேலவையான பிரபுக்கள் அவைல ஆரன் பிரபு இழுத்துட்டுப் போனார். 1967 ஜூலை ஆரம்பத்துல ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து, விடியக்காலைல ஓட்டெடுத்தாங்க, 99-க்கு 14. எதிர்த்தவங்க ஓட்டுல ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சதால தூக்கத்த நம்பி இருந்தாங்க, ஆதரிச்சவங்கள்ல 99 பேரு வீட்டுக்குப் போகாம அங்கயே இருந்தாங்க, அவ்ளோதான் ரகசியம். ஜூலை 27 சட்டமாச்சு. முழு விடுதலைன்னு சொல்ல முடியாது, 21 வயசு ஆகியிருக்கணும், தனிமைல இருக்கணும், ராணுவத்துக்கும் வணிகக் கப்பல்காரங்களுக்கும் பொருந்தாது, ஸ்காட்லாந்துக்கு 1980-லதான் வந்துச்சு. ஆனா கதவு தொறந்துச்சு, தொறந்தது மந்திரி இல்ல.

அவரு எல்லா முற்போக்கு லிஸ்ட்லயும் பேர் குடுத்த ஆளுன்னும் நெனச்சுராதீங்க. விவாகரத்துச் சட்டத்த தளர்த்தப் போராடுனவரே கருக்கலைப்புச் சட்டத்த எதிர்த்தார். வேல்ஸ்க்கு தனி அவை தர்றேன்னு சொந்தக் கட்சி அரசாங்கமே சொன்னப்ப, மக்கள் ஓட்டெடுப்பு இல்லாம முடியாதுன்னு நின்னவங்கள்ல முக்கியமானவர். 1979 மார்ச் 1 ஓட்டெடுப்புல 5-ல 4 பேர் வேணாம்னுட்டாங்க. அப்ப கூட நின்ன இன்னொரு வேல்ஸ் பேக்பெஞ்சர் நீல் கின்னக், நாலு வருஷத்துல கட்சித் தலைவராயிட்டார். ஏப்ஸ் இருந்த எடத்துலயே இருந்தார். மந்திரியா இருந்திருந்தா இதுல எத செஞ்சிருந்தாலும் அடுத்த நாள் ராஜினாமா கடிதம் கேட்டிருப்பாங்க.

சரி, தமிழுக்கு வருவோம். கட்சி விப்புக்கு நம்மகிட்ட 'கொறடா'ன்னு அருமையான வார்த்தை இருக்கு, தெலுங்குலயும் கொரடான்னா சாட்டைதான், சாட்டையடி சத்தமே கேக்குது. அந்த சாட்டைக்கு கீழ இருக்கவருக்குத்தான் நம்மகிட்ட நல்ல பேர் இல்ல. 'பின்னிருக்கை' பைக்குக்குப் போயிடுச்சு, 'கடைசி பெஞ்சு எம்.பி.' கிண்டல். 'பதவியிலா உறுப்பினர்' அர்த்தப்படி சரி, ஆனா ஏதோ பதவிய பறிச்சுட்ட மாதிரி தொனிக்குது. நான் 'பின்வரிசை உறுப்பினர்'னுதான் எழுதுவேன். வேல்ஸ் மொழிலயும் இதே வழிதான், மெய்ன்கியை கெவ்ன், அதாவது பின் பெஞ்சுகள். ஒரு ஆட்சேபம் வரும், லேபர் எம்.பி. டென்னிஸ் ஸ்கின்னர் பல வருஷம் முன்வரிசைலயே, நடைபாதைக்கு அந்தப் பக்கம் முதல் சீட்டுல உக்காந்தாரே அவரும் பேக்பெஞ்சர்தானேன்னு. ஆமா, ஆனா இங்கிலீஷ் வார்த்தைக்கும் அதே ஓட்டை இருக்கு, அவங்க சமாளிக்கிறப்ப நாமளும் சமாளிக்கலாம்.

இவங்க கொண்டுவர்ற மசோதாவுக்கு நம்ம பத்திரிகைகள் 'தனிநபர் மசோதா'ன்னு எழுதுது, திருநங்கையர் உரிமைக்காக திருச்சி சிவா கொண்டுவந்தது 2015-ல மாநிலங்களவைல நிறைவேறுனப்ப எல்லாப் பேப்பர்லயும் அப்படித்தான் வந்துச்சு. எனக்கு அது ஒட்டல. தனிநபர்னா நீங்களும் நானும். 'தனி உறுப்பினர் மசோதா'ன்னா தெளிவு.

ஏப்ஸ் 1973-ல எழுதுன நினைவுக் குறிப்புக்கு வச்ச பேரும் அதேதான், 'தனி உறுப்பினர்'. இங்கிலீஷ்ல அந்த ரெண்டு வார்த்தைக்கு அந்தரங்க உறுப்புன்னும் அர்த்தம் வரும். எதுக்கெடுத்தாலும் உளப்பகுப்பாய்வு ஆரம்பிச்ச ஃப்ராய்ட இழுக்குற ஆளு அத தெரியாம வச்சாருன்னு என்னால நம்ப முடியல. இதுல எனக்கு சந்தோஷம் என்னன்னா தமிழ்லயும் உறுப்பினர் உறுப்புல இருந்துதான் வந்துச்சு, அதனால மொழிபெயர்த்தாலும் அந்தக் குறும்பு பாதி மிஞ்சுது.