காம்பைக் கட்டி, பிறகு அறுத்தார்: எஃப்ரேம் மெக்டவலின் 1809 அறுவை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், டான்வில் ஊரில் வைத்தியம் பார்த்தவர் எஃப்ரேம் மெக்டவல். தந்தை சாமுவேல் நீதிபதி. மனைவி சாரா, அம்மாநிலத்தின் முதல் ஆளுநர் ஐசக் ஷெல்பியின் மகள். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அறுவை மருத்துவர் ஜான் பெல்லிடம் பாடம் கேட்டிருந்தாலும் அப்போது மெக்டவலிடம் மருத்துவப் பட்டம் கிடையாது.

1809 டிசம்பரில் ஜேன் டாட் கிராஃபோர்டைப் போய்ப் பார்த்தார். நிறைமாதக் கர்ப்பம் என்று மற்ற வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். மெக்டவல் சோதித்தபோது கருப்பை காலியாக இருந்தது; வயிற்றை அடைத்திருந்தது சினைப்பைக் கட்டி. அறுவைக்காக ஜேன் சுமார் 60 மைல் குதிரையில் டான்வில் வந்தார். வலி தெரியாமலிருக்க மயக்க மருந்து கிடையாது; மயக்க மருந்தாக ஈதர் பொதுவெளிக்கு வந்ததே 1846இல்தான்.

உடன் நின்றவர் அண்ணன் மகன் ஜேம்ஸ். இடப்பக்கம், நடு வயிற்றுத் தசையிலிருந்து 3 அங்குலம் தள்ளி, 9 அங்குல நீளத்துக்குக் கீறினார்கள். கீறியதும் குடல் மேசைமேல் சரிந்தது. கட்டி இடத்தை நிரப்பியிருந்ததால் அறுவை முடியும்வரை குடலை உள்ளே தள்ள முடியவில்லை.

அடுத்துச் செய்தவற்றின் வரிசையில்தான் மெக்டவலின் திறமை இருக்கிறது. சினைப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்கள் ஒரு காம்பு வழியாக வருகின்றன. முதலில் அந்தக் காம்பை, கருப்பைக்கு அருகே கருக்குழாயைச் சுற்றி, வலுவான நூலால் இறுக்கிக் கட்டினார். அதன்பிறகே கட்டியைக் கீறி, களிபோன்ற 15 பவுண்டு பொருளை வெளியே எடுத்தார். சுருங்கிய பையைக் காம்போடு அறுத்து எடுத்தபோது அது மட்டும் ஏழரை பவுண்டு இருந்தது. காம்பைக் கட்டாமல் அறுத்திருந்தால் ரத்தப்போக்கிலேயே ஜேன் இறந்திருப்பார்.

பிறகு ஜேனை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, உள்ளே தேங்கிய ரத்தத்தை வடியவிட்டார். கிருமி பற்றிய அறிவே இல்லாத காலம் அது. ஆனால் தேங்கிய ரத்தம்தான் கிருமி பெருக ஏற்ற இடம். காயத்தைத் தனித்தனித் தையல்களால் மூடி, இடையிடையே ஒட்டுப்பட்டை போட்டார். காம்பைக் கட்டிய நூலின் நுனியைக் காயத்தின் கீழ்முனை வழியாக வெளியே விட்டார். கட்டு தளர்ந்ததும் இழுத்தெடுக்க அன்றைய வைத்தியர்கள் கையாண்ட முறை இது. எல்லாம் சுமார் 25 நிமிடத்தில் முடிந்தது. ஐந்தாம் நாள் ஜேன் எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தார், 1842வரை வாழ்ந்தார்.

காம்பு எட்டாவிட்டால் இந்த முறை பலிக்காது. இன்னொரு நோயாளியான கறுப்பினப் பெண்ணுக்குக் கட்டி சிறுநீர்ப்பையோடும் கருப்பையோடும் ஒட்டியிருந்தது. அந்தப் பெண்ணின் பெயரை மெக்டவலின் 1817 அறிக்கை சொல்லவில்லை. பிரித்தால் உயிர் போகும் என்று கணித்து, கட்டியைக் கீறி உள்ளிருந்ததை வடித்ததோடு அறுவையை நிறுத்திக்கொண்டார்.