நிலத்துக்கு அடியில் தாங்கி இல்லை

சென்ற மாரிக்கு முன், வலிகாமத்தில் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தில் குடிநீரின் தரம் பற்றி விளக்கக் கூட்டம் வைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதி யாரோ தமிழாக்கிய துண்டுப்பிரசுரத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். முதல் வரியே, "யாழ் குடாநாட்டின் பிரதான நீர்தாங்கிகள் மாசடைந்து வருகின்றன" என்றிருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கட தாங்கியைப் போன மாசந்தான் கழுவினனாங்கள் தம்பி. அதில ஒரு ஊத்தையும் இல்லை."

அவர் வாசித்ததில் ஒரு பிழையும் இல்லை. இலங்கைத் தமிழில் தாங்கி என்றால் வீட்டுக்கு மேல் வைத்திருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கலன். ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் உயரமான கொங்கிறீற்றுக் கட்டடம். எண்ணெய் சேமிக்கும் இரும்புத் தொட்டி. போர்க்காலத்தில் பிறந்தவர்களுக்கு யுத்த தாங்கியும் தெரியும். கல்லுக்குள் ஊறி நகரும் தண்ணீரை அந்தச் சொல்லால் யாரும் நினைக்கமாட்டார்கள். இதே சொல்லை அறிக்கையிலும் செய்தியிலும் பாடக்குறிப்பிலும் எத்தனையோ தரம் கண்டு பேசாமல் இருந்திருக்கிறேன். அன்று அந்த அம்மாவின் பதிலைக் கேட்ட பிறகு இருக்க முடியவில்லை.

மூலச்சொல் அக்குவிஃபர். இலத்தீனில் அக்குவா என்றால் நீர், ஃபெர்ரே என்றால் சுமத்தல், தருதல். பிரெஞ்சிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. கிணறோ குழாய்க்கிணறோ தோண்டினால் பயன்படும் அளவுக்குத் தண்ணீர் விடக்கூடிய கல், மணல், பரல் படையைக் குறிக்கும். அவ்வளவுதான்.

தமிழாக்கியவர் ஃபெர்ரே என்பதன் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த வினைக்குச் சுமத்தலும் பொருள், மரம் காய்ப்பதுபோலத் தருவதும் பொருள். கூம்பு காய்க்கும் மரங்களைக் குறிக்கும் கொனிஃபர் என்பதிலும் இதே ஃபெர்ரேதான் இருக்கிறது. அதற்காகப் பைன் மரத்தைக் கூம்புதாங்கி என்று எவரும் எழுதுவதில்லை. அக்குவிஃபருக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? தாங்கி என்ற ஒலி டாங்க் என்ற ஆங்கில ஒலியோடு ஒத்துப்போனதால் நம் நாவுக்குப் பழகிவிட்டது. பழகிய சொல் கையில் அகப்பட்டதும் தமிழாக்கியவர் நிறுத்திக்கொண்டார். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சொல் பிழைத்தால் பொருள் எவ்வளவு தூரம் பிழைக்கும் என்பதற்கு எங்கள் குடாநாட்டைவிட வேறு இடம் வேண்டாம். இங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். குடிக்க, குளிக்க, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்க, எல்லாவற்றுக்கும் நிலத்தடி நீர்தான். அது நிற்பது மயோசீன் என்ற மிகப் பழைய புவியியல் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் துவாரங்களிலும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை கல்லுக்குள் இறங்கி, கீழே ஏற்கெனவே இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீருடையது ஏறக்குறைய 1.025. இந்தச் சின்ன வேற்றுமையில்தான் எல்லாம் நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் நிற்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் கணக்கு. மேலே 1 மீற்றர் குறைந்து அப்படியே நீடித்தால் கீழிருந்து உவர்நீர் 40 மீற்றர் வரை ஏறி வரலாம். தாங்கிக்கு அடியும் சுவரும் உண்டு. இதற்கு அடி கடல், சுவர் கிடையாது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதை எங்கள் பக்கத்தில் அறியாதவர் இல்லை.

அந்தக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்து வரும் என்று அம்மம்மா சொல்லுவா. தேசிக்காய் வருமோ வராதோ, கல்லுக்குள்ளால் தண்ணீர் ஊருக்கு ஊர் போகிறது என்ற அறிவு அந்தக் கதைக்குள் இருக்கிறது. நீர்தாங்கி என்று எழுதியவரின் தமிழில் அது இல்லை.

மற்றப் பெயர்களையும் பார்த்துவிடலாம். நிலத்தடி நீர்த்தேக்கம் என்பதில் அதே தொட்டி இன்னும் பெரிதாக இருக்கிறது. நீர்த்தேக்கம் என்றதும் அணைக்கட்டுத்தான் கண்ணில் வரும். நிலத்தடி ஆறு என்று பத்திரிகைகள் விரும்பி எழுதுகின்றன. கல்லின் நுண்துளைகளில் ஊறி நகர்வதை ஆறு என்பது மிகை. நீர்ப்படுகை தமிழ்நாட்டில் அதிகம் வழங்குகிறது. ஆனால் காவிரிப் படுகை என்று ஆற்றுக்கு முன்பே கொடுத்துவிட்ட சொல் அது. நிலத்தடி நீரையும் ஆற்றுநீரையும் ஒரே அறிக்கையில் பேசும்போது எந்தப் படுகை என்று வாசகன் திகைப்பான்.

நீர்கொள்படை இவற்றைவிட நல்ல சொல். படை என்பதை ஓசோன் படை என்று படித்த பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. எனக்கு இடறுவது 'கொள்' மட்டுந்தான். களிமண்ணும் நீர் கொள்ளும். மணலைவிடக்கூட அதிகம் கொள்ளும், ஆனால் விடாது. ஈரக் களியை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து பாருங்கள், விரலிடுக்கில் களிதான் வரும், தண்ணீர் வராது. களிமண் படையில் கிணறு வெட்டி யாரும் தோட்டம் செய்ததில்லை. ஆகவே கொள்வதைச் சொல்லி, தருவதைச் சொல்லாமல் விட்டால் அந்தச் சொல் பாதி வேலைதான் செய்கிறது.

தருவதற்குத் தமிழில் வினை இருக்கிறது: ஊறு. "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்று குறள் சொன்ன அதே ஊறுதல். தோண்டிய அளவுக்கு மணல் தண்ணீர் விடும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வரைவிலக்கணம் உண்டா? வினை இன்றைக்கும் வாயில் இருக்கிறது. கோடையில் எங்கள் கிணற்றைக் கலக்கி இறைத்தபோது உள்ளே இறங்கியவர் சேற்றுக்குள் நின்று, கல்லிடுக்கில் கையை வைத்து, "கிழக்குப் பக்கம் கண் நல்லா ஊறுது, மேற்கு அடைச்சுப் போச்சு" என்று கத்தினார். நீரியல் படித்தவர் வரைபடம் போட்டுக் காட்டுவதை அவர் ஒரு வினைச்சொல்லில் சொல்லிவிட்டார். அதனால் நான் நீரூறுபடை என்று எழுதுகிறேன். வெறும் ஊற்றுப்படை என்றால் கீரிமலைபோல மேலே பொங்கும் ஊற்றோடு குழம்பும்.

அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன். "உங்கட கிணத்துக்கு ஊறி வாற கல்லைத்தான் சொல்லுகினம் அம்மா. பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் அதே கல்லிலதான் ஊறுது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப அவையள் வெங்காயத்துக்குப் போடுற யூரியா?" கூட்டம் வைத்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஆங்கிலத்தில் இந்தச் சொல் தனியே நிற்பதில்லை; மிக மெதுவாக நீர் விடும் படைக்கு அக்குவிடாட், விடவே விடாத படைக்கு அக்குவிகுளூட் என்று உடன்பிறப்புகள் உண்டு. நீரூறுபடை, அரிதூறுபடை, ஊறாப்படை என்று வினையை மாற்றினால் மூன்றும் வந்துவிடும். தாங்கியை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஆக்கிப் பாருங்கள்.

அதே பிரசுரத்தில் இன்னும் இரண்டு முள் இருந்தன. மழைநீர் நிலத்துக்குள் இறங்கி நிரப்புவதைச் 'செறிவூட்டல்' என்று எழுதியிருந்தார்கள். தமிழ்நாட்டில் பரவலாக வழங்குவதுதான், ஆனால் செறிவு என்பது கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதற்கான சொல். ஒரு பக்கத்தில் 'நீர் செறிவூட்டல்' நல்லது, மறுபக்கத்தில் யூரியா போன்ற உரத்தால் நீரில் சேரும் நைத்திரேற்றின் அளவைச் சொல்லும் 'நைத்திரேற்றுச் செறிவு' கெட்டது என்றால் வாசிப்பவர் என்ன செய்வார்? மீள்நிரப்பல் என்று நேராக எழுதலாமே.

மற்றது இதைவிடப் பாரதூரமானது. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதையே அதிலுள்ள நைதரசனாக மட்டும் கணக்கிட்டால் சுமார் 11. இரண்டும் ஒரே எல்லைதான், அளக்கும் விதம் வேறு. புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்த வேறுபாடு தெரிந்தே ஆகவேண்டும், ஏனென்றால் நைத்திரேற்று கூடினால் குழந்தையின் குருதி ஒட்சிசன் கொண்டுசெல்லும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது; நீர் வற்ற வற்றக் கூடும். பிரசுரத்தில் கிணற்று நீரின் அளவு 38 என்றும், எல்லை 11 என்றும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தது. எது நைத்திரேற்று, எது நைதரசன் என்று எந்த வரியிலும் இல்லை. கீழே, தடித்த எழுத்தில், "நீரைக் கொதிக்க வைத்துப் பருகவும்."