பீனாக்ஸிஎத்தனால் எங்கே இருக்கிறது?

தோல் பிரச்சினை என்று வருகிறவர்களிடம், பூசுகிற க்ரீம், சீரம் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்வேன். கையில் வாங்கியதும் டப்பாவைத் திருப்பிவிடுவேன். முன்பக்கம் விளம்பரம், விஷயம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில், உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலில்தான்.

அந்தப் பட்டியலில் அதிகமாக இருப்பது முதலில் வரும் என்பது பலருக்கும் தெரியும். அந்த ஒழுங்கு 1 சதவீதம் வரைதான். அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பெயருக்கு ஒரு சொட்டு விட்ட மூலிகைச் சாறு மேலே ஏறி உட்காருவது இப்படித்தான்.

அந்த 1 சதவீதம் எங்கே தொடங்குகிறது? பீனாக்ஸிஎத்தனாலைத் தேடுங்கள். க்ரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த விதியை ஒட்டித் தயாரித்ததென்றால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அதிகபட்சம் 1 சதவீதம்.

வைட்டமின் B3-இன் ஒரு வடிவமான நயாசினமைடு சேர்த்த இரண்டு சீரம்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் அது தண்ணீருக்கு அடுத்து நிற்கிறது. மற்றதில் பீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால். ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுத்தியது 2 முதல் 5 சதவீதம். இரண்டாவதில் அந்த அளவு இருக்க வழியே இல்லை. ஆனால் ரெட்டினால் (வைட்டமின் A-இன் ஒரு வடிவம்) கடைசியில் வந்தால் ஏமாற்று என்று சொல்லிவிடாதீர்கள்; அதற்கு 1 சதவீதத்துக்கும் குறைவே போதும். ஈரப்பதம் காக்கச் சேர்க்கும் ஹையலுரானிக் அமிலமும் அப்படியே.

ஆல்கஹால் என்ற சொல்லைப் பார்த்ததும் பயப்படுகிறார்கள். சீட்டைல் ஆல்கஹால் கொழுப்பு வகை, தோலை மிருதுவாக்கும். பட்டியலின் தொடக்கத்திலேயே வெறும் ஆல்கஹால் இருந்தால்தான் வறண்ட சருமக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

நான் அதிகம் சண்டை போடுவது ‘இயற்கை’ என்ற சொல்லோடு. கண்ணிமை வீங்கி அரிப்போடு வந்த ஒருவர், “இதில் கெமிக்கலே இல்லை டாக்டர்” என்று ஒரு க்ரீமை நீட்டினார். உள்ளே லாவெண்டர் எண்ணெய். அதிலுள்ள லினலூல் என்ற வாசனைப் பொருள் காற்றுப் பட்டுப் பட்டு ஒவ்வாமை தருவதாக மாறும். டப்பா பழசாகப் பழசாகத் தொந்தரவு கூடும். எந்த க்ரீமானாலும் முகத்துக்குப் போகும் முன் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் பூசிப் பாருங்கள்.

பட்டியலே இல்லாத டப்பா என்றால் ஒப்பிட ஒன்றுமில்லை, வாங்காதீர்கள். அப்படி ஒன்றைப் பூசி ஒரே வாரத்தில் முகம் வெளுத்திருந்தால் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கலாம். பல மாதம் பூசிய ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.