‘ஃப்ரீ’ என்றால் எப்போதும் இலவசமா?

‘பினாங்கு இலவசப் பள்ளி’ என்று யாராவது எழுதினால் எனக்கு மனசு ஒப்பாது. மலேசியாவின் பினாங்குத் தீவில் பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலின் பெயரில் ‘ஃப்ரீ’ என்பது கட்டணத்தைப் பற்றிய பேச்சே அல்ல. இன்ன இனம், இன்ன சமயம் என்று பாராமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. ‘பொதுப்பள்ளி’ என்றால் கருத்துக்கு நெருங்கி வரும்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் பழைய பெருமையான ‘ஃப்ரீ போர்ட்’டும் அப்படித்தான். 1786இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கால்வைத்ததும், வரும் சரக்குக்குத் தீர்வை வாங்கவில்லை. சோழமண்டலக் கரையின் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இங்கே கடைவிரித்துப் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். 1969இல் அந்தச் சலுகை போனது. தமிழில் ‘தீர்வையில்லாத் துறைமுகம்’ என்பதே சரி.

சொல்லின் வேர் இன்னும் அழகு. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஃப்ரேயோ’. அதற்கும் முந்தைய மூலவேருக்கு ‘அன்புக்குரிய’ என்று பொருள். வீட்டில் அன்புக்குரியவர்கள் உறவினர்கள். அடிமைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதனால் ‘நம்மவர்’ என்ற சொல்லே ‘அடிமையல்லாதவர்’ என்று ஆயிற்று. ‘ஃப்ரெண்ட்’ அதே வேரில் கிளைத்தது. வடமொழி ‘ப்ரிய’வும் அதே குடும்பம், நாம் வாய்நிறையச் சொல்லும் ‘பிரியம்’ அங்கிருந்து வந்ததுதான். காசில்லாமல் கிடைப்பது என்ற பொருள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆகவே தமிழாக்கும்போது, எதிலிருந்து விடுபட்டது என்று முதலில் கேட்கவேண்டும். அடிமைத்தனத்திலிருந்து என்றால் விடுதலை. வேலையிலிருந்து என்றால் ஓய்வு, “நாளைக்கு ஃப்ரீயா?” என்பதை “நாளைக்கு ஓய்வா இருப்பீங்களா?” என்று கேட்கலாம். ‘சுகர் ஃப்ரீ’ சீனி இல்லாதது. தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடையில் பாலும் சீனியும் இல்லாத தேநீருக்குத் ‘தே ஓ கோசோங்’ என்கிறோமே, அந்தக் கோசோங். மலாயில் அதற்கு ‘வெறுமை’ என்று பொருள். யாரும் எடுத்து மாற்றிப் பகிரும் உரிமையுள்ள மென்பொருளுக்குக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அங்கே ‘இலவச’ என்று போட்டால் பொருளே கெட்டுவிடும்.

விலையிலிருந்து விடுபட்டால்தான் இலவசம். அதற்கு மலாயில் ‘பெர்சுமா’ என்று ஊரெங்கும் பலகை தொங்குகிறது. அதன் உள்ளே இருக்கும் ‘சுமா’ நம் ‘சும்மா’விலிருந்து போனது என்று சொல்லாய்வாளர்கள் கொள்கிறார்கள். ‘வீணாக’ என்ற பொருளும் பெர்சுமாவுக்கு உண்டு, சும்மாவுக்கும் உண்டு. எனவே பலகையில் எழுத ‘இலவசம்’ இருக்கட்டும். வாய்ப்பேச்சில் ‘ஃப்ரீயா தர்றாங்க’ எதற்கு? “சும்மா தர்றாங்க” என்றாலே யாருக்கும் புரியும்.