எதிராளிக்கும் ஒரு பந்தி

மட்டக்களப்பில் முதலாம் வருட மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி படிப்பிக்கிறேன். முதல் வாரமே ஒரு கட்டுரை எழுதச் சொல்வது என் வழக்கம். பல வருடமாகக் கொடுத்துவந்த தலைப்பு, ‘சமூக ஊடகங்கள் நன்மையா, தீமையா?’ வருகிற தாள்களில் ஒன்றை வாசித்தால் நாற்பதையும் வாசித்த மாதிரி. ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கும். நடுவில் நன்மை நான்கு, தீமை நான்கு. கடைசியில் ஒரு கத்தி வரும். டொக்டர் கையில் இருந்தால் உயிர் காக்கும், கொலைகாரன் கையில் இருந்தால் உயிர் எடுக்கும். அந்தக் கத்தியை நான் பார்த்த தடவைகளுக்குக் கணக்கில்லை. பிள்ளைகளுக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று பொதுவறையில் புலம்பியும் இருக்கிறேன்.

பிழை தலைப்பில் இருந்தது. சமூக ஊடகம் நன்மை என்று ஒருவர் நிறுவிவிட்டால் நாளைக்கு எங்கே என்ன மாறப்போகிறது? யாரும் எந்த முடிவும் எடுக்கத் தேவையில்லாத கேள்விக்கு வாதம் எழுத முடியாது, ஒப்புவிக்கத்தான் முடியும்.

இப்போது தலைப்பை நான் கொடுப்பதில்லை. ‘உங்கள் ஊரில் இந்த வருடம் யாராவது ஒரு முடிவு எடுக்க வேண்டிய விடயம் ஒன்றை எடுங்கள், யார் எடுக்க வேண்டும் என்றும் எழுதுங்கள்’ என்பேன். படுவான்கரையிலிருந்து வருகிற ஒரு மாணவி யானையை எடுத்தாள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, அந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அது பாடப்புத்தக விடயம் இல்லை. கதிர் முற்றுகிற நேரம் காவல் பரணில் விழித்திருந்து யானை வெடி போடும் வீட்டுப் பிள்ளை அவள். இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். சாரம் இவ்வளவுதான்: யானை வந்து வயல் வட்டையை அழிக்கிறது, ஆகவே மின்வேலி போட வேண்டும்.

இந்த ‘ஆகவே’யில்தான் எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார்கள். ஸ்டீபன் டூல்மின் என்ற பிரித்தானிய மெய்யியலாளர் 1958இல் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். அவர் எழுதியது மெய்யியலாளர்களுக்காக. பின்னாளில் அமெரிக்கக் கல்லூரிகளின் எழுத்து வகுப்புகள் அதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டன. ஆறு உறுப்புகள் சொல்கிறார். நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன்: முடிபு, அதற்கான சான்று, சான்றிலிருந்து முடிபுக்குப் போகிற பாலம். மாணவியிடம் சான்று இருந்தது, முடிபும் இருந்தது. ‘மின்வேலி யானையைத் தடுக்கும்’ என்ற பாலம் மட்டும் தாளில் இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருந்தாள். எழுதியிருந்தால் அவளுக்கே சந்தேகம் வந்திருக்கும். செடிகொடி கம்பியில் பட்டால் மின் கசிந்து வேலி வலுவிழக்கும். யானை கட்டையைத் தள்ளிச் சாய்த்துவிட்டு நடந்து வரும். இதெல்லாம் எனக்கு அவள் வாயால் கதைத்துச் சொன்னவை. எழுதும்போது எங்கே போயின?

‘அதை எழுதினா என்ட கட்டுரை தோத்திடுமே மிஸ்’ என்றாள்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. பாடசாலையில் இவர்கள் பழகியது விவாதப் போட்டி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூச்சம் போக அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் மேடையில் எதிரணி எதிரே உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் பக்க நியாயத்தை அவர்களே சொல்லிக்கொள்வார்கள், எங்கள் வேலை மறைப்பதும் மடக்குவதும். தாளில் எதிரணி இல்லை. நாங்கள் கூட்டிக்கொண்டு வந்தால்தான் உண்டு. கூட்டிவராவிட்டால் வாசிக்கிறவர் மனதுக்குள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவார், பிறகு எங்கள் ஒரு வரியையும் நம்ப மாட்டார்.

இது மேற்கிலிருந்து வந்த பாடம் என்று நினைக்கிறவர்களுக்கு நன்னூலின் பாயிரத்தைக் காட்டுவேன். உயர்தரத்தில் தமிழ் எடுத்த பிள்ளைகள்கூட எழுத்தும் சொல்லும் படித்துவிட்டுப் பாயிரத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூல் செய்வோருக்கு ஏழு மதம், அதாவது கொள்கைகளைக் கையாளும் ஏழு வழி, சொல்கிறார். உடன்படல் முதலாவது, மறுத்தல் இரண்டாவது. மூன்றாவது, ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’. அதாவது, மற்றவருடைய கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு நீக்குவது. மறுத்தலும் இதுவும் ஒன்றென்றால் அவர் தனித்தனியே எண்ணியிருக்க மாட்டார். களைவதற்கு முன் மேற்கொள்ள வேண்டும். அந்த ‘மேற்கொண்டு’தான் பாடம். விவாத மேடையில் நாங்கள் பழகாதது அது ஒன்றுதான்.

வகுப்பில் இதற்கென்று ஒரு கட்டாயம் வைத்திருக்கிறேன். எதிராளியின் நியாயத்தைச் சொல்லும் எதிர்ப் பந்தியில் ‘சிலர்’ என்ற சொல் வரக்கூடாது. ‘சிலர் இதை எதிர்க்கலாம்’ என்றால் யார் அந்தச் சிலர்? வயல் வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானையா, கிராம சேவகரா, வனஜீவராசிகள் உத்தியோகத்தரா? ஆள் தெரிந்தால்தான் அவருடைய நியாயம் தெரியும். (சாட்ஜிபிடி எழுதிக் கொடுக்கும் கட்டுரையை நான் பிடிப்பதும் இந்த இடத்தில்தான். அதுவும் எதிர்ப் பந்தி எழுதும், அழகாகவே எழுதும். ஆனால் கேட்காவிட்டால் அதனுடைய ‘சிலர்’ எந்த ஊரிலும் குடியிருப்பதில்லை.)

மாணவியை இரண்டாம் வரைவுக்கு அனுப்பினேன். மின்வேலியை எதிர்க்கிறவர்கள் சொல்வதைத் தேடி வாசித்தாள். நாட்டில் வேலிகள் பல, வனஜீவராசிகள் திணைக்களத்தின் நிலமும் வன பரிபாலனத் திணைக்களத்தின் நிலமும் சந்திக்கிற நிருவாக எல்லையில் போடப்பட்டவை. இரண்டு பக்கமும் காடு, இரண்டு பக்கமும் யானை. வேலி எங்கே நிற்கிறது என்ற கேள்வி அப்போதுதான் அவளுக்கு வந்தது. சான்றுகளையும் திரும்பப் பார்த்தாள். இலங்கையில் 5,879 யானைகள் ‘இருக்கின்றன’ என்று எழுதியிருந்தாள். அது 2011இல் நடந்த கணக்கெடுப்பின் தொகை. ஆண்டைச் சேர்த்து ‘இருந்தன’ என்று மாற்றினாள். ஒரு வினைமுற்றுத்தான், ஆனால் வாசிக்கிறவர் உங்களை நம்புவதா இல்லையா என்று தீர்மானிப்பது இப்படியான இடங்களில்.

‘மின்வேலி வேண்டும்’ என்று தொடங்கிய முடிபு மூன்றாம் வரைவில் இப்படி வந்து நின்றது: பெரும்போக நெற்செய்கை தொடங்கும்போது வட்டையைச் சுற்றித் தற்காலிக மின்வேலி போட வேண்டும், விவசாயிகள் அமைப்பு அதைப் பராமரிக்க வேண்டும், அறுவடை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். முதல் வரைவைவிடச் சின்ன ஆசை, ஆனால் யார், எங்கே, எப்போது மூன்றும் இருக்கிறது. கூட்டத்தில் வைத்துக் கதைக்கலாம்.

தகப்பனுக்கு வாசித்துக் காட்டினாளாம். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, ‘அது சரி மகள், ராவையில கம்பியச் சுத்திப் பாக்கிறது யாரு? ஆருக்கு முறை வைக்கிறது?’ என்றாராம். வாதக் கட்டுரை படிப்பிக்கிற எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. நாலாம் வரைவுக்கு இன்னும் ஒரு கிழமை தவணை கேட்டாள். கொடுத்திருக்கிறேன்.