லினக்ஸ் லேப்டாப்பில் கைரேகை ரீடர்: எங்கே சிக்குகிறது, ஏன்?

விண்டோஸில் ஒழுங்காக வேலை செய்த கைரேகை ரீடர், லினக்ஸ் போட்டதும் 'நோ டிவைசஸ் அவைலபிள்' என்று கைவிரித்தால் ரீடர் கெட்டுவிட்டதாகப் பொருளில்லை. அதனிடம் பேசத் தெரிந்த டிரைவர் இல்லை, அவ்வளவுதான். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் யூஎஸ்பி தரநிலை ஒரு பொது வழக்கத்தை வகுத்திருக்கிறது. கைரேகை ரீடருக்கு அப்படி ஒன்று கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் சிப்புக்குத் தனி நெறிமுறை வைத்திருக்கிறது. பலர் அதை வெளியிடுவதே இல்லை.

அதனால் எதையும் நிறுவும் முன் டெர்மினலில், யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளியால் பிரிந்த இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது நிறுவனத்துடையது: 27சி6 என்றால் கூடிக்ஸ், 06சிபி என்றால் சினாப்டிக்ஸ், 04எஃப்3 என்றால் எலான், 138ஏ என்றால் வேலிடிட்டி. இரண்டாவது சிப்பின் எண். எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த இரண்டாவது எண்தான். லினக்ஸில் கைரேகை ரீடர்களுக்கான டிரைவர்களைத் தரும் லிப்எஃப்பிரின்ட் திட்டம் வெளியிடும் ஆதரவுப் பட்டியலில் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. திங்க்பேட் டி480-இல் வரும் 06சிபி:009ஏ நல்ல உதாரணம். அது லிப்எஃப்பிரின்டுக்கு வசப்படாது. பைதான்-வேலிடிட்டி என்ற தனி டிரைவரையும் ஓப்பன்-எஃப்பிரின்ட்டி என்ற சேவையையும் போட்டால் ஓடும். ஆனால் லிப்எஃப்பிரின்டைப் பயன்படுத்தும் வழக்கமான எஃப்பிரின்ட்டி சேவையை முதலில் நீக்கிவிட வேண்டும். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும்.

சிப் பட்டியலில் இருந்தும் பேச மறுத்தால் அதன் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பழையதாக இருக்கலாம். எஃப்டபிள்யூயூப்டி கருவியால் புதுப்பித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ரேகையை ஒப்பிடும் வேலை எங்கே நடக்கிறது என்பதில் ரீடர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம் படத்தை மட்டும் எடுத்துக் கணினிக்கு அனுப்பும். அப்போது ஒப்பிடுவது லிப்எஃப்பிரின்டின் பொறுப்பு. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட நிரல்களை அது இதற்குப் பயன்படுத்துகிறது. முதலில் மைன்ட்டெக்ட், ரேகைக் கோடுகள் முடியும் இடங்களையும் இரண்டாகப் பிரியும் இடங்களையும் குறித்துக்கொள்ளும். பிறகு போசார்த்3 அந்தப் புள்ளிகளுக்கிடையே உள்ள தூரத்தையும் கோணத்தையும் பழைய பதிவோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். இயல்பாக 40 மதிப்பெண் வந்தால் தேர்ச்சி. இந்த முறை விரல் முழுவதும் பதியும் பெரிய பரப்பை மனதில் வைத்து எழுதப்பட்டது. லேப்டாப்பின் சின்னச் சதுரத்தில் சில புள்ளிகளே விழும். சொந்த விரலையே ரீடர் நிராகரிப்பது இதனால்தான். இதற்கு மாற்று பதிவு செய்யும்போதே இருக்கிறது. இந்த ரகத்தில் வழக்கமாக ஐந்து முறை விரல் வைக்கச் சொல்லும். ஐந்தும் தனித்தனிப் பதிவாகவே நிற்கும், சரிபார்க்கும்போது ஒவ்வொன்றோடும் ஒப்பிடும். எனவே ஐந்து முறையும் ஒரே இடத்தை வைக்காமல் நடு, நுனி, இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாற்றி வையுங்கள்.

புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் இன்னொரு ரகம்: சிப்பே ஒப்பிட்டு விடையை மட்டும் சொல்லும். ரேகையும் சிப்புக்குள்ளேயே இருக்கும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வட்டை அழித்து லினக்ஸ் போட்டாலும் விண்டோஸ் காலத்து ரேகைகள் சிப்பில் அப்படியே இருக்கும். அதே விரலைப் பதியப் போனால் 'என்ரோல் டூப்ளிகேட்' என்றோ, இடமில்லாவிட்டால் 'என்ரோல் டேட்டா ஃபுல்' என்றோ பிழை வரும். பல திங்க்பேட்களில் பயாஸின் செக்யூரிட்டி பகுதியிலேயே கைரேகைத் தரவை அழிக்கும் வசதி உண்டு. அதைச் செய்துவிட்டுப் பதிந்தால் தீரும்.

பதிவதற்கு எஃப்பிரின்ட்டி-என்ரோல், சோதிக்க எஃப்பிரின்ட்டி-வெரிஃபை. இந்தச் சோதனையில் 'வெரிஃபை மேட்ச்' என்று வராதவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அடுத்த படி பாம் அமைப்பு. லினக்ஸில் நுழைபவர் யார் என்று சரிபார்ப்பது இதுதான். உபுண்டு, டெபியனில் லிப்பாம்-எஃப்பிரின்ட்டி தொகுப்பை நிறுவி, பாம்-ஆத்-அப்டேட் கட்டளையில் கைரேகைக்கு நேராக டிக் செய்தால் போதும். ஃபெடோராவில் ஆத்செலக்ட் மூலம் 'வித்-ஃபிங்கர்பிரின்ட்' வசதியை இயக்க வேண்டும். பாம் கோப்பைக் கையால் திருத்துவதானால், முதலில் வேறொரு டெர்மினலில் ரூட்டாக, அதாவது முழு உரிமையுள்ள நிர்வாகியாக, நுழைந்து அதைத் திறந்தே வைத்திருங்கள். ஒரு வரி பிசகினாலும், நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை ஓட்ட உதவும் சூடோ மொத்தமாக முடங்கிவிடும். திருத்திய கோப்பைச் சரிசெய்ய அந்த ஜன்னல் ஒன்றுதான் கைகொடுக்கும்.

பாம் வரிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். கைரேகை வரி மேலே இருப்பதால், டெர்மினலில் விரலுக்காகக் காத்து முடித்த பிறகே பாஸ்வேர்டு கேட்கும். டெபியனின் அமைப்பில் ஒரே வாய்ப்பு, 10 விநாடி. லேப்டாப்பை மூடிவைத்து வெளித்திரையில் வேலை செய்பவர்களுக்கு ஒவ்வொரு சூடோவுக்கும் இந்தத் தாமதம் விழும். அவர்கள் சூடோவில் கைரேகையைச் சேர்க்காமல் இருப்பதே மேல்.

எல்லாம் சரியாக அமைந்தபின்னும் ஒன்று உறுத்தும். கைரேகையால் நுழைந்ததும், சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் க்னோம் கீரிங் பாஸ்வேர்டு கேட்கும். இது பிழையல்ல. கீரிங்கைத் திறக்கும் சாவி உங்கள் பாஸ்வேர்டிலிருந்து கணக்கிடப்படுகிறது. எந்த ரக ரீடரானாலும் கைரேகைச் சோதனையிலிருந்து பாமுக்கு வருவது 'பொருந்துகிறது' என்ற விடை மட்டுமே. அதிலிருந்து எந்தச் சாவியையும் உருவாக்க முடியாது. கீரிங்குக்கு வெற்றுப் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வைஃபை முதல் மின்னஞ்சல் வரை சேமித்த ரகசியங்கள் வட்டில் மறைப்பின்றிக் கிடக்கும். கணினியை இயக்கியதும் முதல்முறை பாஸ்வேர்டு அடித்து நுழையுங்கள். கீரிங் அப்போதே திறந்துவிடும். அதன்பின் நாள் முழுக்கத் திரைப்பூட்டுக்கு விரலே போதும்.